சாரோங் அணிந்த தமிழர்: மலாக்கா செட்டிகளின் உடையும் மரபுரிமையும்

முன்னுரை

வாழ்நாளெல்லாம் சொற்களையே ஆராய்ந்து வந்த மொழியியலார் ஒருவர் உடையைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய காரணத்தை ஒரு நிகழ்ச்சியின் வழியாகவே கூற விழைகின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், இம்மாநிலத்துப் பள்ளியொன்றில் நடந்த பண்பாட்டு நாள் விழாவில், மரபுடைப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவராக நாம் அமர்ந்திருந்தோம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று பிரிவுகளாக மாணவர் மேடையேறினர். இந்தியர் பிரிவில் பட்டுப்பாவாடையும் வேட்டியும் சட்டையுமாக வந்த பிள்ளைகளுக்கிடையே, ஏறத்தாழப் பத்து வயதுடைய சிறுமி ஒருத்தி பாத்தேக் சாரோங்கும் அதன்மேல் நீண்ட கெபாயாவும் அணிந்து, கொண்டையில் ஊசிகள் செருகி வந்து நின்றாள். பிரிவு மாறி வந்துவிட்டாள் என்றே கருதினோம். கேட்டபோது, இது தன் பாட்டியின் உடை என்று மட்டும் மலாய்மொழியில் சொன்னாள். மதிப்பெண் தாளில் ‘உடை பொருந்தவில்லை’ என எழுதிக் கையொப்பமிட்டோம். அவள் பெயரின் ஈற்றில் ‘பிள்ளை’ என்று இருந்ததைத் தாளை மடிக்கும்போதுதான் கண்டோம். கண்டும் அதைப் பற்றி மேலும் எண்ணவில்லை.

பின்னர் ஒருநாள், மலாக்கா நகரை அடுத்த காஜா பெராங்கில் உள்ள செட்டி அருங்காட்சியகத்தில் அதே உடையை மீண்டும் கண்டோம். மலாக்காவில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழ்வழி மக்களின் உடையையே தமிழருக்குப் பொருந்தாத உடையென நாம் எழுதிக் கொடுத்திருந்தோம். தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தும் இப்பிழை நேர்ந்தது. அந்தத் தீர்ப்பை வரலாற்றின் துணைகொண்டு மறு ஆய்வு செய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மரபுடை என்பது எது?

மரபுடை என்றவுடன், மாறாமல் தொன்றுதொட்டு வருவது, பிறர் கலப்பில்லாதது, ஓரினத்துக்கே உரியது என்னும் மூன்று இலக்கணங்களை நாம் மனத்தில் வைத்துக்கொள்கின்றோம். இம்மூன்றும் எவ்வளவு உண்மை என்று அறிய, உலகில் மிகப் புகழ்பெற்ற மரபுடையொன்றை முதலில் ஆராய்தல் நன்று. அது ஸ்காட்லாந்தியரின் கில்ட் என்னும் இடுப்புடையும், டார்ட்டன் என்னும் கட்டத்துணியும் ஆகும். ஸ்காட்லாந்து மலாக்காவுக்கு அறிமுகமற்ற நாடன்று. 1818இல் இந்நகரில் ஆங்கிலோ-சீனக் கல்லூரியை நிறுவியோருள் ஒருவரான சமயப்பணியாளர் வில்லியம் மில்ன் ஸ்காட்லாந்தியர். அதே 1818 வரை மலாக்காவில் ஆங்கிலேயரின் ஆட்சிப் பொறுப்பை வகித்த வில்லியம் ஃபார்க்குவாரும் அந்நாட்டினரே. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களை ஆண்ட துரைமார்களிலும் ஸ்காட்லாந்தியர் பலர்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள மலைநாட்டு மக்கள், நீண்ட கம்பளித் துணியொன்றை இடுப்பில் மடித்துச் சுற்றி, கச்சையால் இறுக்கி, எஞ்சிய பகுதியைத் தோளில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காண்கின்றோம். அது தைத்த உடையன்று. நம் வேட்டியையும் சேலையையும் போலச் சுற்றிக் கட்டும் உடை. இன்று நாம் காணும் குட்டையான, மடிப்புகள் தைக்கப்பட்ட கில்ட் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மலைநாட்டில் இரும்பாலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயரே தம் தொழிலாளர் வசதிக்காக அதனை அமைத்தார் என 1785இல் அச்சான ஒரு கடிதம் கூறுகின்றது. இதனை மறுப்பாரும் உளர்.

சொற்களை நோக்கினும் இதே கலப்பைக் காணலாம். மலைநாட்டாரின் தாய்மொழி கேலிக். ஆயினும் கில்ட் என்னும் சொல் கேலிக்கன்று. ஆடையை மேலே செருகிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய ஸ்காண்டிநேவிய வினைச்சொல்லின் வழி வந்தது. டார்ட்டன் என்னும் சொல்லைப் பிரெஞ்சு மொழியோடு தொடர்புபடுத்துவர். கேலிக் மொழியில் கட்டத்துணிக்கு ‘பிரெக்கான்’ என்று வேறு பெயர் உண்டு. பல நிறம் விரவியது என்பது அதன் பொருள். ஆக, தம் மரபின் அடையாளமாக உலகுக்குக் காட்டும் உடையை அம்மக்கள் அழைப்பதே பிறமொழிச் சொற்களால்தான்.

1746இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றபின், பிரித்தானிய அரசு அவ்வுடையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதை அணியும் ஆடவருக்கு முதன்முறை ஆறு திங்கள் சிறை. மறுமுறை அகப்பட்டால் கடல்கடந்த தோட்டக் குடியேற்றங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். தோட்டம் என்னும் சொல் இங்குள்ள நம் செவிகளில் தனியே ஒலிக்கும். அரசின் படையிற் சேர்ந்தோர்க்கு மட்டும் தடையில்லை. 1782இல் சட்டம் நீக்கப்பட்டபோது ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அன்றாட உடையாக அது பெரும்பாலும் மறைந்திருந்தது.

அதன்பின்னரே அது மரபுடையாகப் புத்துயிர் பெற்றது. 1815இல் இலண்டனிலிருந்த ஹைலண்ட் சங்கம் ஒவ்வொரு குலத்தலைவரிடமும் அவரவர் குலத்துக்குரிய கட்டத்தின் மாதிரியை அனுப்பக் கேட்டது. தம் குலத்தின் கட்டம் எதுவெனத் தலைவர்களிற் சிலரே அறியாதிருந்தனர். 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, புதின ஆசிரியர் வால்டர் ஸ்காட் வரவேற்பைப் பெருவிழாவாக அமைத்தார். மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். அதுவரை மலைநாட்டாரை இழிவாகக் கருதிய சமவெளி நகரத்தாரும் அவ்வுடையை ஏற்றனர். 1842இல், பழஞ்சுவடியிலிருந்து பெயர்த்ததாகக் கூறி இரு சகோதரர்கள் குலக்கட்டங்களின் நூலொன்றை வெளியிட்டனர். அச்சுவடி போலியென்று ஆய்வாளர் காட்டினர்; ஆயினும் அதிலிருந்த கட்டங்கள் பல இன்றும் வழக்கில் உள்ளன.

இவற்றையெல்லாம் தொகுத்து, இம்மரபு புனையப்பட்டதே என்று வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் 1983இல் எழுதினார். அவர் காட்டிய சான்றுகள் பலவும் வலியவை. ஆயினும் புனையப்பட்டது என்பதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. அந்தக் கட்டத்துணியை மணநாளிலும் இறுதிச் சடங்கிலும் அணியும் ஒருவர் பொய் சொல்கின்றாரா? இல்லை. தம் முன்னோரை நினைக்க ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதைத் தம் மக்களுக்குக் கொடுக்கின்றார். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்காட்லாந்து அரசே கட்டங்களுக்கு ஒரு பதிவேடு அமைத்துள்ளது. அந்நாட்டில் குடியேறிய சீக்கியருக்கெனவும் ஒரு கட்டம் உண்டு. மாறாமை, கலப்பின்மை, ஓரினத்துக்கே உரிமை என்னும் மூன்று இலக்கணங்களும் இங்கே பொய்த்தன. எஞ்சியிருப்பது, தெரிந்தெடுத்து வழிவழியாகக் கையளித்தல் என்னும் ஓரிலக்கணமே. இதனை நம் மலாக்காவில் வைத்துப் பார்ப்போம்.

துறைமுகமும் செட்டிகளும்

மலாக்கா சுல்தானகம் ஓங்கியிருந்த 15ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். துறைமுகத்தில் வணிகரை மேற்பார்க்கும் அலுவலர் ஷாபண்டார் ஆவார். அந்நால்வருள் ஒருவர் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்தும் வந்தோரைக் கவனித்தார். போர்ச்சுக்கீசியர் 1511இல் நகரைக் கைப்பற்றியதை அடுத்து இங்கு வந்த தோமே பீரிஸ், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று குறித்துள்ளார். அக்காலத் தமிழ் வணிகருள் முதன்மை பெற்றிருந்தவர் நைனா சாத்து எனப் போர்ச்சுக்கீசிய ஏடுகள் குறிக்கும் பெருவணிகர். அவரை அல்புகர்க் பெண்டஹாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினார்.

வணிகக் காற்றின் திசை மாறும்வரை மாதக்கணக்கில் இங்குத் தங்கிய தமிழ் வணிகரிற் பலர் உள்ளூர்ப் பெண்டிரை மணந்தனர். கப்பலில் வந்தோர் பெரும்பாலும் ஆடவரே. மலாய், ஜாவானிய, பத்தாக், சீன வழியினரான மகளிரை மணந்து அவர்கள் அமைத்த குடும்பங்களின் வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழிலுக்காக வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

1641இல் ஒல்லாந்தர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்கள் ஆட்சிக் காலத்தில், 1781இல், செட்டி மக்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சீனரின் செங் ஹூன் தெங் கோயிலும் அதே தெருவரிசையில் நிற்கின்றன. வணிகம் தளர்ந்தபின் செட்டி மக்கள் நகரின் வணிகத் தெருக்களைவிட்டு காஜா பெராங் பகுதியில் குடியேறி வேளாண்மை செய்தனர். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் 1822இல் எழுந்தது. எடின்பரோவில் மன்னர் கில்ட் அணிந்து நின்ற ஆண்டும் அதுவே.

அவர்கள் காத்தவை எவை, விட்டவை எவை எனப் பிரித்துக் காண்போம். சைவ வழிபாட்டைக் காத்தனர். பிள்ளை, நாயக்கர், படையாட்சி எனப் பெயரீறுகளைக் காத்தனர். போகியையும் பொங்கலையும் காத்தனர். போகிநாளில் முன்னோர்க்கு உணவு படைக்கும் சடங்கை அவர்கள் ‘போகி பார்ச்சு’ என்பர். படைத்தல் என்பதன் பேச்சு வடிவமான ‘படைச்சு’ என்பதே பார்ச்சு ஆகியிருக்கலாம் என்பது நம் கருத்து. ஒலியும் பொருளும் இதற்கு இடந்தருகின்றன. மாரியம்மன் திருவிழாவை ‘டத்தோ சாச்சார்’ என மலாய்ப் பெயரால் வழங்குவர். ஆனால் வீட்டுமொழியாகிய தமிழை விட்டனர். தாயின் மொழி பிள்ளையின் மொழியாயிற்று. உடையும் தாய்வழியே வந்தது.

வீட்டில் தமிழ் மறைந்ததால் மலாக்காவிலிருந்தே தமிழ் மறைந்துவிட்டது என எண்ணலாகாது. மலாக்காவிற் பிறந்த அப்துல்லா முன்ஷி, 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில், தந்தையார் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதைக் கூறுகின்றார். கணக்குக்கும் வணிகத்துக்கும் அது பயன்பட்டதாதலின், நகரத்து நற்குடிப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்று வழக்கமாக இருந்தது. ஆக, தமிழரல்லாதார் கடைக்காகத் தமிழ் பயின்ற நகரிலேயே, தமிழ்வழியினர் வீட்டுக்குள் மலாய் பேசினர். மொழியும் குருதியும் எப்போதும் ஒரே பாதையில் செல்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஓருடையில் பல மொழி

இனி அச்சிறுமியின் உடைக்கு வருவோம். செட்டி மகளிரின் உடை சாரோங்கும் கெபாயாவும் ஆகும். முழந்தாள் வரை இறங்கும் நீண்ட கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. கெரொங்சாங் என்னும் மார்பூசிகளால் முன்புறத்தை இணைப்பர். கூந்தலை முடிந்து ஊசிகளைச் செருகுவர். ஆடவர் சாரோங்கை உடுத்து, மேலே சட்டை அணிந்து, தலையில் தலாப்பா கட்டுவர்.

இப்பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். சாரோங் மலாய்ச் சொல். உறை என்பது அதன் பொருள். கிரீசின் உறையையும் மலாய்மொழியில் சாரோங் என்பர். பாத்தேக் ஜாவானியச் சொல். கெபாயா என்பது அரபியில் மேலங்கியைக் குறித்த ‘கபா’ என்னும் சொல்லினின்று பாரசீகர், போர்ச்சுக்கீசியர் வழியே இங்கு வந்தது. தலாப்பாவோ ஐயத்துக்கு இடமின்றித் தமிழ். நம் தலைப்பாகையே அது. மொழியை மறந்த சமூகம், தலைமேல் கட்டிய துணியின் பெயரைத் தமிழாகவே வைத்துக்கொண்டது.

ஆடவர் உடுக்கும் கட்டம்போட்ட சாரோங்கின் பெயர் இன்னும் வியப்புக்குரியது. மலாய்க்காரர் அதனைக் ‘காயின் பெலிக்காட்’ என்பர். காயின் என்பது துணி. பெலிக்காட் என்பது ஊர்ப்பெயர். சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில் உள்ள பழவேற்காடு. அதனைப் போர்ச்சுக்கீசியர் ‘பலியக்காட்’ என்றனர். ஆங்கிலேயர் ‘புலிக்கட்’ என்றனர். ஒல்லாந்தர் 1613இல் அங்கு கெல்திரியாக் கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக்கிக்கொண்டனர். ஒல்லாந்தர் அங்கு வேரூன்றக் காரணம் துணியே. கிழக்குத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் ஈடாக வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியையே மக்கள் விரும்பிக் கேட்டனர். துணியைக் கொடுத்து நறும்பொருளை வாங்கி, அதனை ஐரோப்பாவில் விற்பதே வணிகத்தின் வழிமுறையாயிற்று. அத்துணி இறங்கிய துறைமுகத்தின் சந்தையில், வந்த ஊரின் பெயரே துணியின் பெயராக நிலைத்தது.

இதற்கு மறுதலையான பயணமும் உண்டு. இராமநாதபுரம், திருநெல்வேலிக் கடற்கரைகளிலும் இலங்கையிலும் கைலியைச் ‘சாரம்’ என்பர். மலாயின் சாரோங்கே தமிழிற் சாரமாயிற்று. எனவே கட்டத்துணியின் ஊர்ப்பெயர் தமிழகத்திலிருந்து மலாய்க்குச் சென்றது. உடையின் பெயர் மலாயிலிருந்து தமிழுக்கு வந்தது. கடை மலாயில் ‘கெடாய்’ ஆனதும், கப்பல் ‘காப்பால்’ ஆனதும், முதல் ‘மோடால்’ ஆனதும், கட்டில் ‘காத்தில்’ ஆனதும் நீங்கள் அறிந்தவையே. அவற்றை ஒருவழிக் கொடையாகவே நம் நூல்கள் பெருமையுடன் எழுதுகின்றன. சாரம் என்னும் சொல்லோ நாமும் பெற்றுக்கொண்டோம் என்பதற்குச் சான்றாக நம் இடுப்பிலேயே இருக்கின்றது.

துணியின் அமைப்பைக் கூறும் சொற்களிலும் ஓர் ஒப்புமை உண்டு. சாரோங்கில் நிறமோ கட்டமோ மாறி வரும் ஒரு பட்டைப் பகுதியைத் தலை எனப் பொருள்படும் ‘கெப்பாலா’ என்றும், எஞ்சிய பெரும்பகுதியை உடல் எனப் பொருள்படும் ‘பாடான்’ என்றும் மலாய்மொழி கூறும். நாம் சேலையில் தலைப்பு, உடல் என்கின்றோம். இது கடன் வாங்கியதென்று துணிந்து கூறுதற்கில்லை. துணியை ஓர் ஆளாகவே காணும் மனப்பாங்கு இருமொழிக்கும் பொதுவென்று கூறலாம்.

கட்டத்துணியின் உரிமையாளர்

கட்டம் என்பது நெசவின் மிக எளிய கணக்கு. பாவில் எந்த நிற வரிசையோ அதே வரிசை ஊடையிலும் வந்தால் கட்டம் தோன்றும். ஸ்காட்லாந்தியர் கம்பளி நூலை மூலைவாட்டு வரி தோன்ற நெய்தனர். பழவேற்காட்டு வட்டாரத்தார் பருத்தி நூலை ஒன்றுவிட்டு ஒன்றாக நெய்தனர். இழைகளின் எண்ணிக்கையை மாற்றினால் வேறொரு கட்டம் பிறக்கும். எந்த இனத்தின் பெயரும் அந்த நூலில் எழுதப்பட்டிருக்கவில்லை. அணிந்தவர்களே பெயரை எழுதினர்.

இதற்கு இன்னொரு சான்று ஆப்பிரிக்காவில் கிடைக்கின்றது. தென்னிந்தியாவில் நெய்த கட்டக் கைத்துணிகள் ஐரோப்பிய வணிகர் வழியே மேற்காப்பிரிக்காவுக்குச் சென்றன. நைஜீரியாவின் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபரி மக்கள் அதனை ‘இஞ்சிரி’ என்பர். சில இழைகளைக் கத்தியால் வெட்டி உருவி, அதே துணியில் புதிய கோலத்தைத் தோற்றுவிப்பதும் அவர்களிடை உண்டு. பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் அத்துணி இடம்பெறுகின்றது. அம்மக்களிடம் சென்று, இது தமிழ்நாட்டுத் துணி, உங்கள் மரபன்று என்று நாம் கூறுவோமா? கூறமாட்டோம். நம் நெசவு அவ்வளவு தொலைவு சென்றதே என மகிழ்வோம். பிறர் நம் துணியைத் தம் மரபாக்கினால் மகிழும் நாம், நம் வழியினர் பிறர் உடையைத் தம் மரபாக்கினால் மட்டும் மதிப்பெண்ணைக் குறைக்கின்றோம். இதிலுள்ள நேர்மையின்மையை நாம் பிந்தியே உணர்ந்தோம்.

செட்டி மகளிர் சாரோங்கை ஏற்றது தமிழரென்னும் உணர்வை உதறியதனால் அன்று. அது அவர்கள் தாயின் உடை. தாயின் தாயின் உடை. தந்தைவழித் தெய்வத்தைத் தாய்வழி உடையில் நின்று வணங்கினர். அவ்விரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதே அவர்கள் மரபு. கெபாயாவை மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாக முன்மொழிய, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஐந்து நாடுகள் ஓருடையைப் பொதுவில் வைத்துக்கொள்ள முடிகின்றதெனில், அதில் தமிழ்வழியினரின் பங்கையும் நம் பாடநூல்கள் கூறலாம்.

தோட்டத்துப் பெட்டியில் இருந்த துணி

இவையெல்லாம் காஜா பெராங்குக்கே உரிய செய்தி, செர்காமுக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம்முள் பெரும்பாலோரின் முன்னோர் செட்டிகளைப் போல வணிகக் கப்பலில் வந்தவரல்லர். 1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டதை அடுத்து, இம்மாநிலத்துக் காடுகள் தோட்டங்களாயின. பால்மரம் வெட்டவும் களை பிடுங்கவும் கங்காணிமார் வழியே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்கள் வந்தபோது செட்டிகளின் குடியிருப்பு இங்கே நூற்றாண்டுகள் கண்டிருந்தது. ஒரே மாநிலத்தில் இரு தமிழ்வழிச் சமூகங்கள். ஒன்றையொன்று அறிந்தது மிகக் குறைவு.

ஆயினும் தோட்டத்து வீடுகளிலும் அதே துணி இருந்தது. விடியுமுன் எழுந்து பால்வெட்டி, பாலைச் சேர்த்து ஆலையில் கொடுத்துத் திரும்பிய ஆடவர் குளித்தபின் உடுத்தியது கட்டம்போட்ட கைலி. அதில் கைக்குழந்தைக்குத் தூளி கட்டினர், குளிரில் போர்த்தினர், கிழிந்தபின் தலையில் சும்மாடாகச் சுற்றினர். தீபாவளிக்குப் புதுக்கைலி வாங்கியவர் உண்டு. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றபின், அத்துணியை மலாய்க்காரர் உடையென்றே பேரப்பிள்ளைகள் எண்ணுகின்றனர். அதன் பெயரில் பழவேற்காடு இருப்பதை அவர்களுக்குச் சொல்லுவார் இலர். தமிழகத்தின் குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் இன்றும் கைலி நெய்யப்படுவதையும் அவர்கள் அறியார்.

பட்டுவேட்டியைப் பண்பாட்டு நாளில் மட்டும் வாடகைக்கு எடுத்து உடுத்தும் பிள்ளை, தன் பாட்டனார் நாள்தோறும் உடுத்திய துணியை மரபென்று கருதுவதில்லை. மரபுடை என்றால் விலையுயர்ந்ததாகவும், திரைப்படத்தில் காண்பதாகவும் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தை நாமே வளர்த்தோம். செட்டிச் சிறுமிக்கு நாம் இழைத்த பிழையும் தோட்டத்துப் பேரப்பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் மறதியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

உடை காப்பதும் காவாததும்

இவ்வளவும் கூறியபின், மொழி மன்றத்தின் மேடையில் நிற்கும் நாம் ஒன்றை மறைத்தல் கூடாது. உடை இருந்தால் போதும், மொழி போனாலும் கேடில்லை என்பது நம் கருத்தன்று. ஸ்காட்லாந்தை மீண்டும் நோக்குங்கள். கில்ட் இன்று உலகெங்கும் அறியப்படுகின்றது. அதை முதலில் உடுத்திய மலைநாட்டாரின் கேலிக் மொழியைப் பேசக்கூடியோர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 57,000 பேரே. ஐம்பது இலட்சத்துக்கும் மிகுந்த மக்கள்தொகையில் அது நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவு. உடைக்குக் கிடைத்த பெருமை மொழிக்குக் கிடைக்கவில்லை. கேலிக்கைக் காக்கத் தனிச்சட்டம் 2005இல்தான் வந்தது. உடைத் தடை நீங்கிய 1782க்கும் அதற்கும் இடையே இரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

உடையை விழாவுக்கு விழா எடுத்து அணியலாம். பெட்டியில் வைத்தால் ஐம்பதாண்டு கழித்தும் எடுக்கலாம். மொழியை அவ்வாறு பெட்டியில் வைத்து எடுக்க இயலாது. ஒரு தலைமுறை வீட்டில் பேசாது விட்டால் அடுத்த தலைமுறை அதனைப் பள்ளியிற்சென்று அயல்மொழியைப் போலக் கற்கவேண்டும். செட்டிகளின் வரலாறு இதற்கும் சான்றே. தலாப்பா என்னும் சொல் தலைமேல் இருக்கின்றது. அதைச் சுற்றியிருந்த வாக்கியங்கள் இல்லை. இதனைப் பழியாகக் கூறவில்லை. தாய் பேசிய மொழியைப் பிள்ளை பேசியது இயற்கை. ஆனால் நம் வீடுகளில் தாயும் தந்தையும் தமிழறிந்திருந்தும் பிள்ளையோடு தமிழ் பேசாதிருப்பது இயற்கையன்று. அது நாம் தெரிந்தெடுத்த செயல்.

எனவே இரு திசையிலும் எச்சரிக்கை வேண்டும். தமிழ் பேசாதவரைத் தமிழ்வழியினரல்லர் என விலக்குவது பிழை. பட்டுப்பாவாடை அணிந்துவிட்டதால் தமிழைக் காத்துவிட்டோம் என்று மகிழ்வதும் பிழை. உடையைத் தேர்வுத்தாளாகவும் கொள்ளலாகாது. மொழிக்கு மாற்றாகவும் கொள்ளலாகாது.

முடிவுரை

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். அடுத்த பண்பாட்டு நாளில், இந்தியர் உடை இன்னதென்று சுற்றறிக்கை அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு துணியைக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். அதன் பெயர் என்ன, யார் வாங்கினர், எங்கு வாங்கினர், எப்போது உடுத்தினர் என்று எழுதிவரச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். பாட்டியிடம் கேட்டெழுதும் அந்த ஒரு பக்கத்தில் உடையும் மொழியும் சேர்ந்தே காக்கப்படும். செர்காமிலிருந்து காஜா பெராங்குக்கு ஒருநாள் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அருங்காட்சியகத்தைக் கண்டு, முத்துமாரியம்மனை வணங்கி, அங்குள்ள முதியோருடன் மலாய்மொழியிலேயே பேசித் திரும்புங்கள். உறவை அறிவதற்கு அந்த மொழி தடையாகாது.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுகின்றோம். உங்களுக்கு மதிப்பெண் இடும் எங்களைப் போன்றோரும் தவறுவதுண்டு. அன்று அச்சிறுமி நம்மோடு வழக்காடவில்லை. தன் பாட்டியின் உடை என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். இன்று அவருக்கே பிள்ளைகள் இருக்கக்கூடும். மரபுடை என்றால் என்ன என்று நூல்களில் தேடிய நமக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த இலக்கணம் பிடிபட இத்தனை ஆண்டுகள் ஆயின. உடை பொருந்தவில்லை என்று எழுதியதை, அச்சாகும் இவ்வேட்டில், பொருந்தியது எனத் திருத்துகின்றோம்.